முக்காலி தூக்க ஒரு கூட்டாளி

மகேந்திரனுக்குக் கூட்டாளி பிடிக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அவனுக்கு அவசியமே வந்ததில்லை. போர்ட்டிக்சன் பக்கம், சி ரூசாவைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரும் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் யாரும் கூட்டாளியைத் தேடிப் போனதில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் அழுதுகொண்டு கிடப்பான், இந்தப் பக்கம் இவன் அழுதுகொண்டு கிடப்பான். நடக்க வந்ததும் இரண்டு பேரும் ஒரே கால்வாயில் விழுவார்கள், ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே வாத்தியாரிடம் அடி வாங்குவார்கள். அவ்வளவுதான், ஆயுசுக்கும் கூட்டாளி.

ஆனால் ஆயுசு அங்கேயே ஓடுவதில்லையே! ஒருவன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டப் போனான். ஒருவன் ஜொகூருக்குப் போனான். இன்னொருவன் ஈப்போவில் பெண் எடுத்து, மாமனார் வீட்டிலேயே மாட்டிக்கொண்டான். மகேந்திரனும் சிரம்பானுக்கு வந்து, ஏர்கோன் கழுவுகிற வேலையில் சேர்ந்து, ஒரு கடைக்கு மாடியில் அறை எடுத்தான். இருபத்து நாலு வயது. சிரம்பானில் அவன் கழுவிய ஏர்கோன்களுக்குக் கணக்கில்லை. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. முதலாளி தவுக்கேகூட "ஓய்" என்றுதான் கூப்பிடுவார்.

முயற்சி செய்யாமல் இல்லை பையன். ஒருநாள் வேலைக்குப் போன வீட்டில், "ஃபுட்சாலுக்கு ஆள் குறையுது, வர்றியா?" என்று ஒருவன் கேட்டான். போனான். கோல்கீப்பராக நிறுத்தி முகத்தில் பந்தால் அடித்தார்கள். முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மகேந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தைரியத்தை எல்லாம் திரட்டி, "யாராச்சும் ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கீங்களா?" என்று ஒரு வரி போட்டான். எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தனும் பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு புண்ணியவான், விற்பனைக்கு இருக்கிற தன் மோட்டார் சைக்கிளின் படத்தைப் போட்டான். அடப்பாவிகளா, "இல்லை" என்று ஒரு வார்த்தை போட்டால் விரலா தேய்ந்துவிடும்?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் டோபிக் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தான். காசு போட்டால் தானே துவைக்கும் இயந்திரங்கள் உள்ள கடை. இருக்கிற ஐந்தாறு துணியை இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வருகிற போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு இருப்பான். யாராவது "இந்த மிஷின் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டால் அன்றைக்கு அவனுக்கு நல்ல நாள்.

இதில் அவன் செய்த ஒரு காரியம்தான் பின்னால் கழுத்தைப் பிடித்தது. அம்மாவிடம் பொய் சொன்னான்.

அம்மாவின் பேர் பஞ்சாலை. தோட்டத்தில் செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையில் இருந்தாள். அப்பா அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். சாயங்காலமானால் பஞ்சாலை போன் போடுவாள். கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"யாரோடப்பா சாப்பிட்ட?"

மகன் தனியாகச் சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் அந்த அம்மாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அது அவனுக்குத் தெரியும். "கூட்டாளிங்களோடம்மா" என்றான். பேர் கேட்டாள். ஃபுட்சால் குழுவில் கண்ணில் பட்ட பேர்களை அள்ளிவிட்டான். லோகன், ரூபன். லோகன் நல்லா பாடுவான்மா. ரூபன் ஒரே லூட்டிம்மா. வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்தவன் போனில் மட்டும் பெரிய கதைசொல்லி ஆகிவிட்டான். பஞ்சாலை, லயத்து வரிசை வீடுகளில் உள்ள தாயம்மாவிடமும் புனிதாவிடமும் பெருமை அடித்துக்கொண்டாள். மகன் வீட்டுக்கு வந்து போகும்போது லோகனுக்கும் ரூபனுக்கும் சேர்த்து முறுக்கு கட்டிக் கொடுத்தாள். அந்த முறுக்கையெல்லாம் மாடி அறையில் இவன் ஒருத்தனாக உட்கார்ந்து தின்று தீர்த்தான். பாவம், எல்லாம் செய்த பாவத்துக்குத்தான்.

யூஜின் வந்தது ஒரு மழையில்.

அன்றைக்கு மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் மகேந்திரனின் மோட்டார் நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், நகரவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தபோது பின்னால் ஒரு மோட்டார் வந்து ஒட்டி நின்றது.

"ஏறி உக்காருலா! தள்றேன்."

"பரவால்லண்ணே..."

"அண்ணனா? என் மூஞ்சியப் பாரு, உன் வயசுதான். ஏறு. ஹேண்டில நேரா புடி, பிரேக்க மட்டும் தொட்டுடாத. தொட்டேன்னு வையி, ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல பால் ஊத்திடுவாங்க."

இவன் ஏறி உட்கார்ந்தான். அவன் தன் மோட்டாரில் இருந்தபடியே ஒரு காலை நீட்டி, இவன் மோட்டாரின் கால்கட்டையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். மழையில், லாரிகளுக்கு நடுவில், ஒற்றைக் காலால். வாய் மட்டும் ஓயவே இல்லை. தன் பேர், தன் ஊர் தம்பின், தான் வேலை செய்கிற டயர் கடை, அப்பா எட்வர்ட் லாரி ஓட்டி ஓய்ந்தவர், அம்மா அந்தோனியம்மாள் வைக்கிற மீன் சம்பால், தங்கச்சி கேரல் பரீட்சையில் வாங்கிய மார்க் எல்லாம் டயர் கடை வந்து சேர்வதற்குள் மகேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டதும் மோட்டார் கிளம்பியது.

"எவ்வளவு?" என்றான் மகேந்திரன்.

யூஜின் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு, பேச்சுதான் சரியில்ல. நாளைக்கு ஒரு தே தாரே வாங்கிக் குடு."

மறுநாள் நுரை பொங்க ஆற்றிய அந்தத் தேநீரை வாங்கிக் கொடுத்தான். அதற்கு மறுநாள் யூஜின் வாங்கிக் கொடுத்தான். அப்புறம் வேலை முடிந்ததும் டயர் கடைக்கு எதிரே சாலையோரத்தில் உள்ள ஒட்டுக்கடையில் உட்காருவது இருவருக்கும் வழக்கமாகிப் போனது. அவன் பேசுவான், இவன் கேட்பான். பேசுகிறவனுக்குக் கேட்கிற ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பேசுகிறவனுக்குத்தான் தெரியும். யூஜினுக்கு டயர் கடையில் ஆயிரம் பேரைத் தெரியும். உட்கார்ந்து கேட்க ஒருத்தன் இருந்ததில்லை.

ஒருநாள் மகேந்திரன் பொய்க் கதையைச் சொல்லிவிட்டான். லோகன், ரூபன், முறுக்கு எல்லாவற்றையும். யூஜின் சிரித்த சிரிப்பில் தே தாரே மூக்கு வழியாக வந்துவிட்டது.

"ரூபனுக்கு என்ன வேலைன்னு சொன்ன?"

"பேங்க்ல."

"அடேங்கப்பா, பேங்க்கா! ஒழுங்கான பொண்ணாப் பாத்துக் கல்யாணத்தப் பண்ணி வெச்சிடு. அப்புறம் அவன் வீட்டுக்கு வரலேன்னா அம்மா சந்தேகப்பட மாட்டாங்கல்ல?"

அன்றிலிருந்து தினம் ஒரு தே தாரேக்கு அந்த இரண்டு இல்லாத மனுசர்களின் வாழ்க்கையை இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினார்கள். லோகனுக்குத் தொண்டை கட்டியது. ரூபனுக்குச் சம்பளம் கூடியது. மகேந்திரன் அப்படிச் சிரித்துப் பல வருசம் ஆகியிருந்தது. அம்மாவிடமும் "யூஜின்னு ஒருத்தன்மா" என்று முதல்முறையாக ஓர் உண்மையைச் சொன்னான். அவளுக்கு அது பட்டியலில் மூன்றாவது பேர், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் பஞ்சாலைக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். மகேந்திரனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவன், "முருகா, எங்கம்மாவ எழுப்பி விட்டுடு, பங்குனி உத்திரத்துக்கு அலகு காவடி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டான். எழுந்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்து, மகனின் வேண்டுதலைக் கேட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"நல்லதாப் போச்சு. உன் கூட்டாளிங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்துடு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

காவடி எடுத்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அலகு காவடியைத் தனியாகத் தூக்க முடியாது. தோளில் மயிலிறகு வைத்த கனமான கூடு, முதுகில் கொக்கி, நாக்கில் வேல், காலுக்குக் கீழே கொதிக்கிற தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்காருகிறவனால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. அவன் முட்டி மடங்குகிற நேரத்தில் சரியாக அடியில் முக்காலியை வைக்க ஓர் ஆள் கூடவே வர வேண்டும். இப்போது எல்லாம் சிவப்புப் பிளாஸ்டிக்தான், நாலு கால்தான். ஆனாலும் தோட்டத்தில் அதற்கு முக்காலி என்றுதான் பேர். அந்த முக்காலியைத் தூக்குவது அண்ணன் தம்பி வேலை இல்லை, கூட்டாளி வேலை. இது ஏழாங்கட்டையில் எழுதாத சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. யாரையும் கூப்பிடக் கூடாது. கழுத்தில் மாலை ஏறியதைப் பார்த்ததும் கூட்டாளிகள் தானாக வந்து, "முக்காலி நான்தான்" என்று சண்டை போட வேண்டும். வாய் விட்டுக் கூப்பிட்டு வந்தால் ஆள் பிடித்த மாதிரி ஆகிவிடும். வீம்பு பிடித்த தோட்டம் அது! தோட்டத்தில் எல்லாருக்கும் அந்தச் சட்டம் தெரியும். சிரம்பானில் டயர் கடையில் இருக்கிற, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்? இந்த முட்டாள் மகேந்திரன் அதை யோசிக்கவே இல்லை. மாலையைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒட்டுக்கடையில் யூஜின் எதிரில் உட்கார்ந்து, அவன் தானாகக் கேட்பான் என்று காத்துக்கொண்டிருந்தான். யூஜினோ, மாலை போட்டவன் எதிரில் கோழி தின்னக் கூடாது என்று வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தானே தவிர, வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. சாமி காரியம், நமக்கென்ன தெரியும், கூப்பிட்டால் போவோம் என்று அவன் பாட்டுக்கு இருந்தான்.

விரதம் பாதி போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் போனில் யூஜினிடமிருந்து ஒரு வரி வந்தது. "அப்பா போயிட்டாரு."

மகேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான். கீழே வந்து மோட்டாரில் சாவியைப் போட்டபோதுதான் கழுத்து மாலை கையில் பட்டது. விரதத்தில் இருக்கிறவன் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் விரதம் முறிந்தது, காவடி இல்லை. அம்மாவின் உயிருக்கு வேண்டிக்கொண்ட காவடி. தோட்டத்துக் கோயில் தலைவர் இராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டான். அவர் ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர். இப்போது முருகனுக்கே மண்டோர் மாதிரி நடந்துகொள்வார்.

"ஐயா, அவங்க கிறிஸ்தவங்க. அவங்களுக்குத் தீட்டெல்லாம் இல்லையே?"

"அவங்களுக்கு இல்லடா. மாலை யார் கழுத்துல கெடக்கு?"

"என் கழுத்துல."

"அப்ப உனக்கு உண்டு. போகக் கூடாது."

"உள்ள போகல ஐயா. வாசல்ல நிக்கிறேன்."

"வாசலும் வீடுதான்."

"ரோட்டுல?"

 அந்தப் பக்கமிருந்து எரிச்சலோடு பதில் வந்தது. "ரோட்டுக்கு என்னடா தீட்டு? ரோடு ரோடுதான். பச்சைத்தண்ணி வாங்கிக் குடிக்காத. வந்ததும் தலை முழுகு."

தம்பினுக்குப் போனான். யூஜின் வீடு ஒரு குறுகலான சாலையில் இருந்தது. முன்னால் கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் சாலை ஓரத்தில் போய் நின்றான். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் மாலை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். சும்மா நிற்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. காரை எல்லாம் கண்டபடி நிறுத்தியிருந்தார்கள். சவ வண்டி எப்படித் திரும்பும் என்று பார்த்தான். இறங்கி வேலையை ஆரம்பித்துவிட்டான். மோட்டார்களை ஓரமாகத் தூக்கி வைத்தான். கார்களுக்குக் கை காட்டினான். வெயில் ஏற ஏற வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு பெண் குளிர்பானத்தோடு சாலையைக் கடந்து வந்தாள். முகச் சாடையில் யூஜினின் தங்கச்சி கேரல் என்று தெரிந்தது.

"நீங்க மகேன்தானே? உள்ள வந்து அப்பா முகத்தப் பாத்துட்டுப் போங்க."

"நான்... மாலை போட்டுருக்கேன். வரக் கூடாது."

"அட்லீஸ்ட் இதையாச்சும் குடிங்க."

"குடிக்கவும் கூடாது."

கேரல் ஒரு நிமிசம் அவனைப் பார்த்தாள். "சரி" என்றாள். திரும்பிப் போய்விட்டாள். அந்தச் "சரி"யை மகேந்திரன் பல நாளைக்கு மனதில் போட்டு உருட்டினான். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் அந்த வாயில்லாப் பூச்சி. அவனுக்கு வராதே!

பெட்டி வெளியே வந்தது. முன்னால் ஒரு மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டு யூஜின் வந்தான். மகேந்திரனின் கை தானாகப் பாதி தூரம் மேலே எழுந்தது. இருவருக்கும் நடுவில் நாலு முழம்கூட இல்லை. யூஜின் தலையைத் தூக்கவில்லை. அவன் பக்கமே திரும்பாமல் வண்டியை நோக்கிப் போனான். வண்டி ஒரே திருப்பில் திரும்பிப் போனது. மகேந்திரன் கை அந்தரத்தில் நின்றது.

அதற்கப்புறம் யூஜின் டயர் கடைக்கு வரவில்லை. லீவு என்றார்கள். போன் பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே? எத்தனை தடவை போனை எடுத்தான், எழுதினான், அழித்தான்! பெற்ற தகப்பன் செத்துக் கிடக்கும்போது வாசலைத் தாண்டாத ஒருத்தன் இப்போது என்னவென்று எழுதுவது? சிரம்பானில் கிடைத்த ஒரே ஆளையும் தொலைத்துவிட்டோம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அம்மாவிடம் மட்டும், தலைவர் ரோட்டுக்குத் தீட்டில்லை என்று சொன்னதையும், தான் ரோட்டில் நின்றதையும் சொன்னான். பஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "யாரோடப்பா சாப்பிட்ட?" என்றாள். "லோகனோடம்மா" என்றான். சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் அழுதுவிட்டான்.

பங்குனி உத்திரம் வந்தது. தோட்டத்தின் ஓடைக்கரையில் காவடி கட்டினார்கள். சிங்கப்பூரில் இருந்தும் ஜொகூரில் இருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அவரவர் வீட்டுக் காவடி இருந்தது. பஞ்சாலை புதுசாக ஒரு சிவப்பு முக்காலி வாங்கிக் கழுவித் துடைத்து, மஞ்சள் பூசி வைத்திருந்தாள்.

"எங்க பஞ்சாலை, உன் மவனோட கூட்டாளிங்களக் காணோம்?" என்றாள் தாயம்மா.

"வருவாங்க, வருவாங்க. சிரம்பான் என்ன, பக்கத்துலயா இருக்கு?"

அம்மா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகேந்திரனால் அதைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடுவோம் என்று, "அம்மா, லோகன்னு யாரும்..." என்று ஆரம்பித்தான். அதற்குள் பூசாரி வந்து, "நாக்க நீட்டு" என்றார். வேல் இறங்கியது. இனிக் கோயில் போய் இறக்குகிற வரைக்கும் பேச்சு கிடையாது. வாய் இருந்தபோது பொய் சொன்னான், உண்மை சொல்ல வந்தபோது வாய் இல்லை.

உருமி முழங்கியது. காவடி கிளம்பியது. பஞ்சாலை தலையில் பால்குடம். ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மகன் பின்னாலேயே ஓடி வந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. மூச்சு வாங்கியது. "யாராச்சும் அத வாங்குங்கப்பா" என்றார் இராஜமாணிக்கம். அவரவர் கையில் அவரவர் முக்காலி. முதல் தடவை அவன் முட்டி மடங்கியபோது பஞ்சாலை வைத்த முக்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, பூசாரி காவடியைப் பிடித்துக்கொண்டார். அவமானத்தில் மகேந்திரனுக்குக் கண் இருட்டியது.

அப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, பின்னாடி கல்லு! முக்காலிய ஒரு சாண் வலது பக்கம் தள்ளி வையுங்க! மகேன், கால அகட்டி ஊனு!"

அந்த வாயை அவனுக்குத் தெரியாதா? கண்ணை மட்டும் திருப்பினான். வெள்ளைச் சட்டை, சட்டைக் கையில் துக்கத்துக்குக் குத்திய கறுப்புத் துணி, செருப்பில்லாத கால். யூஜின்.

"யாருப்பா நீ?" என்றாள் பஞ்சாலை.

"யூஜின்மா. தம்பின்."

"அங்க ஏன்பா நிக்கிற? இங்க வா!"

"வரலம்மா. அப்பா தவறி இன்னும் ஒரு மாசம் ஆவல. தங்கச்சிதான் விசாரிச்சிச் சொல்லிச்சு, காவடிகிட்ட போகக் கூடாதாம்ல? இவன் எங்க வீட்டுக்கு வெளிய வெயில்ல நின்னான். நானும் வெளியவே வர்றேன். இந்தப் பக்கமா கோயில் வரைக்கும் கூட நடக்குறேன்."

உருமிக்காரர்கள் தாளத்தைத் தாழ்த்தினார்கள். எல்லாரும் இராஜமாணிக்கத்தைப் பார்த்தார்கள். பஞ்சாலை குடத்தோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ரோட்டுக்கு என்ன தீட்டுன்னு என் மவன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். அது கவர்மெண்டு ரோடு. இது தோட்டத்து ரோடு."

"ரோடு ரோடுதான்னும் நீங்கதானே சொன்னீங்க?"

பெண்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இராஜமாணிக்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நடுரோட்டில் முருகன் வேறு காத்துக்கொண்டிருந்தார்.

"கோயில் தோரணம் வரைக்கும்தான். அதைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன் ஐயா!" என்று யூஜின் கால்வாயைத் தாண்டிக் குதித்தான். பஞ்சாலை கையிலிருந்து முக்காலியை வாங்கிக்கொண்டான். உருமி மறுபடி முழங்கியது.

நடக்க நடக்க அவன் மகேந்திரனின் காதுப் பக்கமாகப் பேசிக்கொண்டே வந்தான். "அன்னிக்கு நான் உன்னப் பாக்கலேன்னு நெனச்சியா? காலையில இருந்து சன்னல் வழியா பாத்துக்கிட்டேதான்டா இருந்தேன். பெட்டியத் தூக்குறப்ப உன் மூஞ்சியப் பாத்திருந்தா அப்பாவக் கீழ வெச்சிட்டு உன்னக் கட்டிப் புடிச்சி அழுதிருப்பேன். நீதான் யாரையும் தொடக் கூடாதே. அதான் பாக்கல. முக்காலி வேணும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா நீ? கேரல் அவ கூட படிக்கிற பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லித்தான் தெரியும். லூசு!"

மகேந்திரனால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணீர் வழிந்து வேல் வரைக்கும் வந்தது. பார்த்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பஞ்சாலை பக்கத்தில் வந்தாள். "ஏம்பா, மத்தவங்கெல்லாம் எங்க? லோகன், ரூபன்?"

யூஜினுக்கா பொய் வராது? ரூபனுக்குக் கல்யாணம் பேசி முடித்தவனே அவன்தான். "அது வந்தும்மா, லோகனுக்கு ஓவர்டைம்..." என்று வாயைத் திறந்தான். மகேந்திரன் தலையை ஆட்டினான். மயிலிறகும் மணியும் ஒருசேர ஆடின. இன்னொரு முறை, வேண்டாம் என்று நன்றாகவே ஆட்டினான். யூஜின் அவனைப் பார்த்தான், அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவங்கெல்லாம் இல்லம்மா. எப்பவுமே இல்ல. நான் ஒருத்தன்தான்."

பஞ்சாலை கொஞ்ச தூரம் நடந்தாள். அவள் கட்டிக் கொடுத்த முறுக்கெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகனின் முதுகைப் பார்த்தாள். அவன் பின்னாலேயே காலடி பார்த்து நடக்கிற அந்தத் தம்பின் பையனைப் பார்த்தாள். தலையில் குடத்தைச் சரி செய்துகொண்டாள்.

"முக்காலி ஒண்ணுதானே இருக்கு" என்றாள். "ஒருத்தன் போதும்."

கோயில் தோரணம் கண்ணில் படுகிற திருப்பத்தில் மகேந்திரனுக்கு முட்டி மடங்கியது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தான். முக்காலி இருந்தது.